பார்த்து வந்து சொல்கிறவர்

எனக்கு நீந்தத் தெரியாது. இதைச் சொன்னால் எங்கள் யூடியூப் சனலைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். சுறா, திருக்கை, பவளப் பாறை என்று அதில் வருகிற படங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் கேட்கிற குரல் என்னுடையது. "பெனிற்றா அக்கா, நீங்கள் கடலுக்குள்ளேயே பிறந்து வளந்த ஆள்போலக் கதைக்கிறியள்" என்று கனடாவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். நானோ முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மாதாவைக் கூப்பிடுகிற ஆள். பகலில் நகரக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுக்கிறவர்களுக்கு எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்று சொல்லுவேன். மாலையில் இல்ஃபோர்ட் ஃபிளாற்றின் சின்ன அறைக்குள் போய், தெருச் சத்தம் வராமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு, அதே குரலில் சுறாவைப் பற்றிச் சொல்லுவேன்.

படம் பிடிப்பது என் கணவர் நிர்மலன். வீடுகளில் பொயிலர் பொருத்துவதும் திருத்துவதும் அவருடைய வேலை. லீவு கிடைத்தால் எகிப்துக்குப் பறந்து செங்கடலில் இறங்கிவிடுவார். ஆழத்துக்குச் சுழியோடப் பழகியது இந்த நாட்டில்தான். தண்ணீர் நிறைந்த ஒரு பழைய கற்குழிக்குள், குளிரில் பல் கிட்டக் கிட்டப் பழகினார். "அடியில ஒரு பழைய பஸ் கிடக்கு, வேற ஒண்டும் தெரியேல்லை" என்று வந்து சொன்னார். அந்தப் பஸ்ஸைப் பற்றியே அரைமணி நேரம் சொன்னார்.

எங்கள் இருவருக்கும் ஒரு முறை இருந்தது. அவர் கொண்டுவருகிற படத்தை நான் முதலில் பார்க்கமாட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, கண்டதை எனக்குச் சொல்லவேண்டும். நான் கேள்வி கேட்பேன். அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குச் சொல் வரும். நீலப் புள்ளித் திருக்கையை முதல்முறை கண்டுவிட்டு வந்தபோது, "மண்ணுக்குள்ள தன்னைப் புதைச்சுக்கொண்டு கண் ரெண்டையும் மட்டும் வெளியில வைச்சிருக்குது, பெனி. கண்ணுக்குப் பின்னால ஒரு ஓட்டை. அதாலதான் மூச்சு இழுக்குது" என்றார். கண்மணிக்கு மேல் குஞ்சம் வைத்த திரைபோல ஒன்று இறங்குகிறதாம். அந்தக் குஞ்சத்தை விரலால் காற்றில் கீறிக் காட்டினார். பிறகு படத்தைப் பார்த்தால் அப்படியே இருந்தது. இப்படிப் பார்க்கத் தெரிந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "இதைப் புளி விட்டுக் குழம்பு வைச்சால் எப்பிடி இருக்கும்?" என்று படத்துக்குக் கீழே கட்டாயம் யாராவது எழுதியிருப்பார்கள்.

போன வருடம் எனக்கு வயிற்றில் பிள்ளை. நிர்மலனை வளர்த்த சின்னம்மா அருமைநாயகி மாமி குரோய்டனிலிருந்து ஃபாரிங்டனில் ரயில் மாறி வந்து, துப்புரவாக்கி வெட்டிய பால்சுறாவைப் பைபையாக எங்கள் ஃபிரீசருக்குள் அடுக்கினார். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா காய்ச்சிக் கொடுத்தால்தான் பால் சுரக்குமாம். நிர்மலனுக்கு வந்ததே கோபம். "சுறாவைக் காப்பாத்துங்கோ எண்டு ஊருக்குச் சொல்லுறம், எங்கட ஃபிரீசருக்குள்ள சுறாவோ?" என்று துள்ளினார். "சும்மா இரடா, உன்னை வளத்ததே சுறா தின்ற பால்" என்று மாமி வாயை அடைத்துவிட்டார். நான் மாமியின் பக்கம் நின்று, விலா நோகச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

நாள் நெருங்கியிருந்த ஒரு காலையில் இரத்தம் போகத் தொடங்கியது. அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஓடிப்போய் மயக்கினார்கள், வெட்டினார்கள். நான் கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. பக்கத்தில் யாரும் அழுகிற சத்தமில்லை. நிர்மலன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்பிள்ளை. வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

எனக்கு இரத்தம் நிற்காமல் மறுபடி மயக்கினார்கள். நான் அரை நினைவில் கிடந்தபோது ஒரு நேர்ஸ் வந்து, பிள்ளையைத் தாய் பார்க்க விரும்புவாவா, படம் எடுத்து வைக்கவா, கை கால் அடையாளம் பதிக்கவா என்று கேட்டிருக்கிறாள். அருமைநாயகி மாமிதான், "தாய்க்குக் காட்டக்கூடாது. பாத்தாளெண்டால் பித்துப் பிடிச்சிடும்" என்று சொன்னாராம். நிர்மலனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் எழும்பி நடக்க முன்னமே சுவாமியாரைக் கூப்பிட்டுச் செபம் சொல்லி அடக்கம் முடித்துவிட்டார்கள். வெள்ளைப் பெட்டியை நிர்மலன் ஒரு கையிலேயே தூக்கிக்கொண்டு போனார் என்று, ஆறுதல் சொல்ல வந்த ஒருத்தி எனக்குச் சொன்னாள். அதில் என்ன ஆறுதல் கண்டாளோ தெரியாது.

பால் மட்டும் சுறா இல்லாமலே வந்தது. மாமி வந்து மார்பை இறுக்கித் துணி சுற்றினார். நான் அந்தத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு ஃபிரீசரைத் திறந்து சுறாப் பைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய்க் கீழே குப்பையில் கொட்டினேன். எந்தத் தொட்டி என்று பார்க்கவில்லை. திரும்பி வந்து, "இனி இந்தப் படி ஏறாதேங்கோ மாமி" என்றேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் நிர்மலனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ளை எப்பிடி இருந்தவள்?"

"நித்திரை மாதிரி."

எத்தனை தரம் கேட்டாலும் இதுதான். மூக்கு யாருடையது? தலைமயிர் இருந்ததா? "நித்திரை மாதிரித்தான் பெனி, விடும்." ஒரு திருக்கையின் கண்ணைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்லத் தெரிந்தவருக்குச் சொந்த மகளைச் சொல்ல இரண்டே சொல். நான் வேறு என்ன நினைப்பது? முகத்தில் ஏதோ பிழை, அதனால்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். வாய் பிளந்திருந்ததோ, கண்ணே இல்லையோ என்று நினைத்தேன். தொலைபேசியில் யாரோ பழைய மெத்தையை எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டிருக்க, எனக்குள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முகம் வரும். எல்லாம் பயங்கரமான முகம். பெற்ற பிள்ளையை நினைத்துப் பயப்படுகிற தாயாக என்னை ஆக்கிவிட்டார்களே என்று அவர்கள் இருவரையும் வெறுத்தேன். நிர்மலனை வெறுத்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டேன்.

இந்த மார்கழியில் அவர் திரும்பவும் செங்கடலுக்குப் போனார். போகட்டும் என்றுதான் இருந்தது. வந்து, படத்துக்குக் குரல் கொடுக்கிறீரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எட்டு மாதமாக நான் மைக்கைத் தொடவில்லை. "பாப்பம்" என்றேன். இந்தமுறை அவர் கதிரையில் சாயவுமில்லை, கண்டதைச் சொல்லவுமில்லை. கொம்பியூட்டரில் ஏற்றி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் நான் தனியே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படத்தைப் போட்டேன். வெளியே மழை. திரையில் நீலம். ஆழத்துக்குப் போகப் போகச் சிவப்புத்தான் முதலில் காணாமல் போகும். நிர்மலன் பிறகு அதைக் கொம்பியூட்டரில் சேர்ப்பார். இதில் இன்னும் சேர்க்கவில்லை. மீனெல்லாம் சாம்பல் நிறத்தில் அலைந்தன. சத்தமென்று கேட்டது அவருடைய மூச்சும் குமிழியும் மட்டும். வழக்கமாக அந்தச் சத்தத்தை வெட்டிவிட்டுத்தான் என் குரலைப் போடுவோம்.

ஒரு வெண்முனைச் சுறா பாறைக்கடியில் படுத்திருந்தது. கமெரா அதன் செவுள்கள் அசைவதை அவசரமில்லாமல் பார்த்தது. பிறகு டங், டங் என்று ஒரு சத்தம். கூடப் போன வழிகாட்டி, ஏதாவது விசேஷமாகக் கண்டால், முதுகில் இருக்கிற காற்றுச் சிலிண்டரில் இரும்பால் தட்டிக் கூப்பிடுவான். கமெரா திரும்பியது. பாறை விளிம்பில் ஏதோ வெளிறியது தெரிந்தது. அவ்வளவுதான். கமெரா சட்டென்று கீழே, வெறும் மணலுக்குப் போய்விட்டது. டங், டங், டங். அவன் விடாமல் கூப்பிடுகிறான். கமெரா மணலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. மூச்சு மட்டும் ஓடி வந்தவனின் மூச்சாக இரைக்கிறது. நெடுநேரம் மணல். பிறகு படம் அறுந்துவிட்டது.

நான் அதைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். பிறகு நிர்மலனைக் கூப்பிட்டேன். அவர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இதில என்ன இருந்தது?"

"ஒண்டுமில்லை."

"அவன் மணியடிக்கிற மாதிரி அடிக்கிறான், ஒண்டுமில்லையோ?"

அவர் திரையைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு சுறாக்குட்டி. நைலோன் தங்கூசி வலையில சிக்கிச் செத்துக் கிடந்ததாம்."

"கிடந்ததாமோ? நீங்கள்தானே அங்க நிண்டது?"

"வள்ளத்தில ஏறினாப் பிறகு சொன்னவங்கள். நான் பாக்கேல்லை."

"ஏன்?"

அவர் கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். அந்த மூச்சு இன்னும் என் காதுக்குள் இருந்தது. ஒரு செத்த மீன்குட்டிக்கு முன்னால் கண்ணைத் திருப்பிக்கொண்டு இப்படி இரைக்கிறவர், அன்று அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு விளங்கியது. 

"நிர்மல், அவளையும் நீங்கள் பாக்கேல்லையோ?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"கொண்டந்து கையில தந்தவங்கள், பெனி. துணி சுத்தித் தந்தவங்கள். பாரம் தெரிஞ்சது. நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனான். சுவரில ஒரு மணிக்கூடு. அதையே பாத்துக்கொண்டு நிண்டிட்டுத் திருப்பிக் குடுத்திட்டன்."

"அப்ப நித்திரை மாதிரி எண்டது?"

"வேற என்னத்தைச் சொல்ல? நான் பாக்கேல்லையெண்டு உமக்கு எப்பிடிச் சொல்ல?"

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. உண்மையாகவே கையை ஓங்கினேன். இவ்வளவு காலமும் மகளின் முகம் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது, இந்த மனுஷனின் தலைக்குள் பூட்டிக் கிடக்கிறது, என்றாவது ஒருநாள் கெஞ்சியோ சண்டை பிடித்தோ வாங்கிவிடலாம் என்று இருந்தேன். வெறுக்கிறதற்காவது அது உதவியது. இப்போது அதுவும் இல்லை. ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய தலையில் வைத்தேன். அவர் சத்தம் போட்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஆர்தான் பாத்தது?"

"சின்னம்மாதான் கழுவி உடுப்புப் போட்டவா."

மாமியின் இலக்கத்தை நான் போனிலிருந்து அழித்திருந்தேன். நிர்மலனின் போனில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். மணி நெடுநேரம் போனது.

"நிர்மலனோ? சாப்பிட்டியே ராசா?"

"மாமி, நான் பெனிற்றா."

அந்தப் பக்கம் ஏதோ அடுப்பில் கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதை நிற்பாட்டுகிற சத்தம் கேட்டது.

"சொல்லு பிள்ளை."

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவுமில்லை, கேட்கிற எண்ணமும் இல்லை. "பிள்ளை எப்பிடி இருந்தவள் மாமி?" என்றேன்.

மாமி எதற்கு இப்போது என்று கேட்கவில்லை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர்போல உடனே சொல்லத் தொடங்கினார். "தலை நிறைய மயிர். ஈரமாய் நெத்தியில ஒட்டிக் கிடந்தது, நான்தான் வழிச்சு விட்டனான். மூக்கு உன்ர மூக்கு. காது ரெண்டும் இவன்ர காது, கொஞ்சம் விரிஞ்சது. கீழுதடு உள்ளுக்க மடிஞ்சிருந்தது, கோவிச்சுக்கொண்டு படுத்த மாதிரி. நகம் வளந்திருந்தது பிள்ளை, வெட்டவேணும்போல. இடக்கைச் சின்னவிரல் மட்டும் மடங்கேல்லை, நான் மடிச்சு மடிச்சு விட்டும் நிமிந்து நிமிந்து நிண்டது."

நிர்மலன் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "கண், சின்னம்மா? கண் எப்பிடி?"

"கண் திறக்கேல்லையே ராசா."

அவர் தலையை ஆட்டினார். மாமிக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனாலும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பிழை ஒண்டுமில்லையோ மாமி? முகத்தில? எங்கையாவது?"

"என்னடி விசர்க்கதை? குறை சொல்ல ஒரு மறுகூட இல்லை."

"அப்ப ஏன் எனக்குக் காட்டேல்லை?" நான் கத்தினேன். "ஏன் மாமி?"

 மாமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வாயைத் திறந்தபோது அவருடைய குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"அவ்வளவு வடிவான பிள்ளையடி. பாத்திருந்தா நீ அவளைத் திருப்பிக் குடுத்திருக்கமாட்டாய்."