மிச்சம் மூன்று

கொள்ளிடம் பாலத்துக்கு மேலே மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருந்தது. கல்யாண வீடியோவில் அதுதான் கடைசிக் காட்சி. மணப்பெண்ணின் அப்பா மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் வைத்திருப்பவர். பென்டிரைவை ஸ்டூடியோ மேஜையில் வைத்து, "என்னங்க, வானத்துக்கு மாடிப்படி கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்ரீரங்கத்தில் அந்த ஸ்டூடியோவை நடத்தும் பீமராவ் அதிகம் பேச மாட்டார். படம் எடுத்த பிராங்க்ளினுக்கு உடனே போன் செய்தார்.

"புதுக் கேமரா புதுக் கேமரான்னீங்களே தம்பி. தை மாசத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

அவ்வளவுதான். தை மாதத்தில் பதினோரு கல்யாணங்கள் இருந்தன. பிராங்க்ளினுக்கு வருஷத்தில் பாதி வேலை அதுதான்.

பக்கத்து அறையில் செல்லக்கிளி கேட்டுக்கொண்டிருந்தாள். எடிட்டிங் முடிந்த படத்தைச் சுருக்கி, எந்த வீட்டு டிவியிலும் ஓடும்படி மாற்றிக் கொடுப்பது ஐந்து வருஷமாக அவள் வேலை. பிராங்க்ளின் எடுத்த மூலக் கோப்பைத் திறந்து பார்த்தாள். அதில் வானம் வழுவழுவென்று இருந்தது. அவள் சுருக்கிக் கொடுத்ததில்தான் கோடுகள்.

காரணம் சீக்கிரமே பிடிபட்டது. பழைய கேமரா எட்டு பிட். ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில் எழுதும். பிராங்க்ளினுடையது பத்து பிட், 1024 படிகள். பல வீட்டு டிவிகளில் பத்து பிட் படம் ஓடாது. ஆகவே சுருக்கும் மென்பொருள் நான்கு படிகளை ஒன்றாக்க வேண்டும். படத்தில் ஒரு புள்ளிக்கு 403 என்று வந்தால் நான்கால் வகுத்து 100 என்று எழுதும், மிச்சம் மூன்று. அந்த மூன்றைப் பக்கத்துப் புள்ளியோடு சேர்த்துவிட ஒரு வசதி உண்டு. அப்படிச் சேர்த்தால் வெளிச்சம் கண்ணுக்கு உறுத்தாமல் மெல்ல மங்கிக்கொண்டே போகும். சேர்க்காவிட்டால் மிச்சம் குப்பைக்குப் போகும், வானத்தில் கோடு விழும்.

அந்த வசதியைப் போன ஆவணியில் நிறுத்தி வைத்தவள் செல்லக்கிளிதான். நிறுத்தினால் ஒவ்வொரு படமும் இருபது நிமிஷம் முன்னதாக முடிந்தது. பழைய கேமராப் படங்களில் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது அதைப் போட்டு, படத்தை முதலிலிருந்து ஓட்டினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பீமராவ் வந்து பார்த்தார். பாலத்துக்கு மேலே கோடு இல்லை.

"அட! அந்தப் பிள்ளை கெடுத்ததை நீ காப்பாத்திட்டியேம்மா."

பேசாமல் இருந்தால் போதும். பாராட்டும் அவளுக்கே கிடைக்கும். கம்ப்யூட்டருக்கு மேலே காலண்டரில் ரெங்கநாதர் படுத்திருந்தார். காலையில் அவள் வைத்த பூ இன்னும் வாடவில்லை. தினமும் பூ வைக்கிற கைக்கு அதைவிடக் கஷ்டமான வேலையும் சில நாள் வந்துவிடுகிறது.

"அவரு கெடுக்கலைங்க. நான்தான்."

நடந்ததைச் சொன்னாள். பீமராவ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா நிறுத்தின?"

"சீக்கிரம் முடியும்னுங்க."

"சீக்கிரம் முடிச்சு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "ஆறு மணி பஸ்ஸைப் புடிச்சேங்க."

"பஸ்ஸுல உட்கார இடமாவது கெடைச்சுதா?"

"இல்லைங்க."

பீமராவ் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பிராங்க்ளின் எடுத்ததும் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"தெப்பக்குளத்துக்கிட்ட ஒரு கேமராக் கடையில சார். இதைக் கொடுத்துட்டு, பழைய மாடலா ஒண்ணு எடுத்துக்கலாம்னு..."

"கொடுத்தாச்சா?"

"பெட்டியில வச்சு ஒட்டிக்கிட்டிருக்காங்க சார்."

"ஒட்ட வேணாம்னு சொல்லுங்க. உங்க கேமராவுல ஒரு கோளாறும் இல்லை. தப்பு எங்க மேல."

எங்க மேல என்றார். செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள்.

 அந்தப் பக்கம் டேப்பைப் பிய்க்கும் சத்தம் நீளமாகக் கேட்டது.

"அப்போ தை மாசம் சார்?"

"பதினொண்ணும் நீங்கதான். அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"பரவாயில்லை சார். செல்லக்கிளி அக்கா இருக்காங்களா? வானம் எப்படி வந்திருக்கு?"

பீமராவ் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எடுத்த மாதிரியே இருக்கு," என்றாள் செல்லக்கிளி. "வந்து பாருங்க தம்பி. நீங்க வர்ற வரைக்கும் இருக்கேன்."