நஸ்தாஸியா கூப்பிட்ட விமானம்

பெத்தேல் டவுனில் இருந்து எங்கள் அலாஸ்கா கிராமத்துக்குக் கிளம்பும் எந்த விமானியும் முதலில் நஸ்தாஸியாவுக்குத்தான் போன் போடுவான். ஓடுபாதை தெரிகிறதா, காற்று எப்படி என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பொய் சொல்லத் தெரியாதவள். ஆனால் வீட்டில் விசேஷம் என்று வந்துவிட்டால் மனுஷருக்கு வானம்கூட வேறு மாதிரி தெரிகிறது.

ஜனவரியில் ஸ்லாவிக், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸ். ஊரே ஜிகினா ஒட்டிய பெரிய நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடி வரும். வந்தவர்களுக்கு வயிறார மூஸ் மான் சூப்பும், கை நிறைய ஆரஞ்சும் கொடுக்காத வீடு மானங்கெட்ட வீடு. நஸ்தாஸியாவின் ஆரஞ்சுப் பெட்டிகள் பெத்தேலில் கிடந்தன. கொண்டுவர வேண்டியவன் அவள் தம்பி மகன் எவோன். சின்ன விமானம் ஓட்டுகிறவன்.

“அத்த, இங்க மழ தூறுது. பட்ட எடத்துலயே ஒறையுது. அங்க எப்படி?”

“இங்க ஒரு சொட்டு இல்லடா. லேசா மூட்டம், அவ்ளோதான். வா.”

“நாளைக்கு வரட்டுமா?”

“நாளைக்கு வந்து காலிச் சட்டி கழுவப் போறியா? நட்சத்திரம் இன்னிக்குல்ல நம்ம வீட்டுக்கு வருது! பெரிய பைலட்டாம், தூறலுக்குப் பயப்படுறாரு.”

சிரித்துக்கொண்டே கிளம்பினான். எங்கள் ஊரில் மழை இல்லைதான். வழியெல்லாம் இருந்தது. இறக்கையில் ஐஸ் ஏறிக் கனத்து, விமானம் எங்கள் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எவோனைப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். சிதறிக் கிடந்த ஆரஞ்சை யாரும் தொடவில்லை.

அவன் அம்மா ஒலிங்கா நாத்தனாரோடு பேச்சை நிறுத்தினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நஸ்தாஸியாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்ச்சில் நஸ்தாஸியாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கத்தில், செத்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைத்தால் அவரே திரும்பி வந்த மாதிரி. ஆனால் ஒலிங்காவிடம் போய் அந்தப் பெயரைக் கேட்க நஸ்தாஸியாவுக்குக் கால் எழவில்லை. வேறு பெயர் வைத்தால் இரண்டு வீடும் கடைசிவரை ஒட்டாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒலிங்கா தானாகவே வந்தாள். பெயர் வைக்கும் முறைப்படி விரலில் தண்ணீர் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்து, “எவோன்” என்றாள். மடியில் போட்டுக்கொண்டு, “வந்துட்டியாடா மகனே” என்று அழுதாள். எங்களுக்கும் தாங்கவில்லை. அழுது முடித்ததும் குழந்தையிடம் மெதுவாகச் சொன்னாள்:

“இந்தத் தடவ அத்த கூப்பிட்டா ஒடனே ஓடாதடா. வானம் வெளுத்தப்புறம் போனாப் போதும்.”

குத்திச் சொன்னாளா, கொஞ்சிச் சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பையன் இப்போது ஊரெல்லாம் ஓடி விளையாடுகிறான். நஸ்தாஸியா அவனை ஒருநாளும் ‘வா’ என்று கூப்பிட்டதில்லை. சூப் ஆறிப் போனாலும் அவளே எழுந்து போய்த்தான் தூக்கி வருகிறாள்.