பொத்தானுக்குப் போட்ட மருந்து

உண்ணி என்றால்கூடப் பரவாயில்லை. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பிடுங்கி எறியலாம். தெள்ளுப்பூச்சி அப்படியில்லை. இதோ இருக்கிறது என்று விரலை வைப்பதற்குள் துள்ளி வேறெங்கோ போய்விடும். பொத்தானை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, வயிற்று முடியைப் பேன்சீப்பால் வாரினேன். கறுப்பு கறுப்பாகப் பொடி உதிர்ந்தது. ஈரத்துணியில் வைத்துத் தேய்த்ததும் துணி சிவந்துபோனது. அத்தனையும் என் பிள்ளையின் ரத்தம். இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பில் ரத்தமே எவ்வளவு இருக்கும், அதையும் உறிஞ்ச இத்தனை பேர்!

பொத்தான் எங்களுக்கு வெறும் நாய் இல்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சே அதன் வழியாகத்தான் நடந்தது.

அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். நான் முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். முக்கால்வாசி ஆல்டரேஷன் வேலைதான், இடுப்பைப் பிடித்துக்கொடு, நீளத்தைக் குறைத்துக்கொடு என்று. சில வருடங்களுக்கு முன்னால் அவருடைய அக்கா வீட்டில், நாலு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், "இவளைக் கட்டிக்கிட்டதுலதான் என் வாழ்க்கை நாசமாப் போச்சு" என்று சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை இந்த மனுஷனிடம் பேசுவதில்லை என்று வாயை மூடினேன். நான் வாயைத் திறக்கும்வரை தானும் பேசுவதில்லை என்று அவர் மூடிக்கொண்டார். வீம்பில் இருவருமே ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவள் எங்கள் மகள். "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட கேளு" என்று இருவரும் அவளைப் பந்தாடினோம். வெளியூரில் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டினாள். கிளம்பும்போது இந்தக் குட்டியைக் கொண்டுவந்து மிஷினுக்கு அடியில் விட்டு, "இனிமே இதுகிட்ட சொல்லிக்கோங்க, எனக்குப் போதும்பா சாமி" என்றாள். விளையாட்டாகச் சொன்னாள். நாங்கள் அதையே பிடித்துக்கொண்டோம்.

"பொத்தான், உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பொத்தான், நாளைக்கு எனக்கு ராத்திரி வேலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அது இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும். யோசித்துப் பார்த்தால் மானக்கேடுதான். ஆனால் குடும்பம் ஓடியது.

பூச்சி வந்ததும் சண்டையும் அதன் வழியாகத்தான். "கண்டவங்க துணியெல்லாம் வீட்டுக்குள்ள வருதில்ல, அதுல வந்த பூச்சின்னு சொல்லு" என்றார் அவர். "கண்ட கட்டடத்துல ஏறி இறங்குற பூட்ஸ்ல வந்ததுன்னு சொல்லு" என்றேன் நான். குளிப்பாட்டினோம், வாரினோம், பாயை வெயிலில் போட்டோம். மறுநாள் பார்த்தால் மறுபடியும் அதே துள்ளல். பொத்தான் சொறிந்து சொறிந்து இடுப்புப் பக்கம் தோல் தெரிய ஆரம்பித்தது. ஈறு வெளுத்தது. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கியது. "மருந்து வாங்கிப் போட இந்த வீட்டுல யாருக்கும் துப்பில்லைன்னு சொல்லு" என்று அதனிடம் கத்தினேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, நான் தைத்துக்கொடுத்த சுடிதாரோடு வந்து நின்றாள். "இதைப் போட்டதும் உடம்பெல்லாம் கடிக்குது, என்னக்கா இது?" என்றாள். பூமிக்குள் புதைந்துவிடலாமா என்றிருந்தது. அவள் போனதும் நேரே கடைக்குப் போனேன். பிடரியில் விடும் சொட்டு மருந்து ஒரு ட்யூப் வாங்கிவந்தேன். முடியை விலக்கி, தோலில் படும்படி முழுவதையும் விட்டேன். அது என் புறங்கையை நக்கியது.

நாய் வழியாகப் பேசுவதில் ஒரு கோளாறு உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால்தான் சேதி போய்ச் சேரும். மருந்து போட்டபோது அவர் வேலையில் இருந்தார். ஒரு வரி எழுதி அலமாரியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். எழுதினால் அது அவருக்கு நான் எழுதியதாகிவிடும். அந்த அளவுக்கு இறங்கிப்போக எனக்கு மனமில்லை. மத்தியானம் தைத்த துணிகளைக் கொடுத்துவரக் கிளம்பிவிட்டேன்.

அவர் அன்றைக்கு வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருக்கிறார். பையில் ஒரு ட்யூப் இருந்திருக்கிறது. துப்பில்லை என்று நான் சொன்னது அவரை அறுத்திருக்கிறது. பிடரி ஈரமாக இருந்ததைப் பார்த்தாராம், பிறகு டாக்டரிடம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. நான் குளிப்பாட்டியிருப்பேன் என்று நினைத்துத் துடைத்துவிட்டு, தன் மருந்தைப் போட்டாராம்.

நான் திரும்பி வந்தபோது பொத்தான் மிஷினுக்கு அடியில் கிடந்தது. வாயில் நுரை. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தது. அவர் தரையில் முழந்தாளிட்டு அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான், அம்மா வந்துட்டா பாருடா."

தைக்க வைத்திருந்த யாருடைய சட்டையிலோ சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்சியில் என் மடியில் அது நடுங்கிக்கொண்டே வந்தது. "பயப்படாதேன்னு அம்மாகிட்ட சொல்லுடா" என்றார். "வண்டியை வேகமா ஓட்டச் சொல்லுன்னு அப்பாகிட்ட சொல்லுடா" என்றேன். டிரைவர் கண்ணாடியில் எங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் அதற்கு நாங்கள் ஓய்வு கொடுக்கவில்லை.

நாய் டாக்டர் ஒரு சின்னப் பெண். சோப்புப் போட்டுப் பிடரியைக் கழுவிக்கொண்டே, "மருந்து போட்டீங்களா? யார் போட்டது?" என்று கேட்டாள்.

"நான்" என்றேன்.

"நான்தான்" என்றார் அவர்.

அவள் கை ஒரு கணம் நின்றது. "ரெண்டு பேரும் போட்டீங்களா? இத்தனூண்டு உடம்புக்கு ஒண்ணே அதிகம். பூச்சி குடிச்சு ரத்தமும் இல்லாம கிடக்கு." ஊசியை எடுத்தபடியே, "ஒரே வீட்லதானே இருக்கீங்க? போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கலையா?" என்றாள். குற்றம் சொல்ல அவள் கேட்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவரும் சுவரைப் பார்த்தார், நானும் சுவரைப் பார்த்தேன்.

வெளிச்சம் போவதற்குள் பொத்தான் போய்விட்டது. கடைசியில்கூட எங்கள் இருவரையும் மாறி மாறித்தான் பார்த்தது, ஏதோ சொல்லச் சொல்வோம் என்று.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். பூச்சியில் நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பாயிலும் துணியிலும் தரையிலும்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். பசியோடு இருந்திருக்கும் போல, நாங்கள் உட்கார்ந்ததுமே காலில் ஏறின. அவர் குனிந்து கணுக்காலைச் சொறிந்தார். தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. நிறுத்தாமல் சொறிந்துகொண்டே இருந்தார், தோல் உரிந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

"பொத்தான், மேல் தட்டுல தைலம் இருக்குன்னு அப்பாகிட்ட..."

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவர் சொறிவதை நிறுத்தினார். தலையைத் தூக்கி நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இனிமே யார்கிட்ட சொல்லுவே?" என்றார்.

குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார். இத்தனை வருடமாக நான் காத்துக்கிடந்த நேர்ப்பேச்சு அதுதான். பதில் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்காக நான் மிஷினுக்கு அடியில் பார்த்தேன்.