சோப்பு வழுக்கிய கதை

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர், தன் கைக்கு மட்டும் ஒருநாள் பிரேக் போட மறந்துவிட்டார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. "இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீங்க?" என்று மனைவி கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்தது. அவளுடைய முன்பல்லில் ஒரு மூலை போயிற்று.

"குளியலறையில் வழுக்கிவிட்டது" என்று அக்கம்பக்கத்தில் முதலில் சொன்னவள் அவள்தான். மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. யாருடைய மானத்தை என்று அப்போது யோசிக்கவில்லை. மனிதர் அந்தப் பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டு கண், காது, மூக்கு வைத்தார். சோப்பு, ஈரத் தரை, வாளியில் கால் மாட்டியது என்று வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. விருந்தாளி வந்தால் எழுந்து நின்று நடித்தே காட்டுவார். மகள் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே பெரியவளானாள். மனைவியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், உதட்டை மூடிக்கொண்டு.

இப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "போட்டோவுல அந்தப் பல்லு நல்லாவா இருக்கும்? சரி பண்ணிடுவோம்" என்று தாயையும் மகளையும் காரில் ஏற்றிப் பல் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தவர் அவரேதான். மனைவிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வாய் நிறையச் சிரிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

டாக்டர் இளம்பெண். பல்லின் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்து, மாவு போன்ற ஒன்றை உடைந்த மூலையில் வைத்து, மெல்லத் தடவி உருவம் கொடுத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தாள்.

"இது சும்மா வச்சுப் பாக்கறதுதாம்மா. இன்னும் ஒட்டல. நகத்தால தள்ளினாக்கூட வந்துடும். புடிச்சிருந்தா சொல்லுங்க, எடுத்துட்டு நிஜமா ஒட்டிடலாம்" என்று கண்ணாடியைக் கொடுத்தாள்.

பார்த்தாள். முழுப்பல். வேண்டும், இது எனக்கு வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"வேர்ல அடி பட்டிருக்கலாம். எப்படிம்மா உடைஞ்சுது?" என்றாள் டாக்டர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் எழுந்துவிட்டார். "அத ஏன் கேக்கறீங்க டாக்டர்! குளிக்கப் போனா. சோப்பு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம்..." கைகளை விரித்து, ஒரு காலை வழுக்கிக் காட்டினார். மகள் வழக்கம்போல் சிரித்தாள். டாக்டரும் சிரித்துவிட்டாள்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்ததுகூட எப்போதோ ஆறிவிட்டது, இந்தக் கூத்துதான் ஆறவில்லை. கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரே நெம்பு. கையோடு வந்த வெள்ளைத் துணுக்கைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க கதைக்கு மேல இத ஒட்டிக்க மாட்டேன்."

"என்னடி இது, எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்தானே நடிச்சுக் காட்டினீங்க? டாக்டர், நான் வழுக்கி விழல. இவர் டம்ளர விட்டெறிஞ்சாரு. நேரா வாயில பட்டுச்சு. அப்படியே எழுதிக்குங்க."

"ஏதோ கோவத்துல... ஒரே ஒரு தடவை..." என்று இழுத்தார் அவர்.

"எறிஞ்சது ஒரு தடவை. சிரிச்சது எத்தனை தடவை?" என்று கேட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "நீ கல்யாணம் பண்ணிக்கப் போறவ. நாளைக்கு உனக்கு ஒன்னு நடந்தா, என்னை மாதிரி பாத்ரூம் மேல பழியப் போடாத. யார் செஞ்சாங்களோ அவங்க பேரச் சொல்லு."

மகளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அப்பாவையும் அவர் கையிலிருந்த துணுக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ மொதல்ல எக்ஸ்ரே எடுத்துடறேம்மா" என்றாள்.

"ஒன்னும் வேணாம். கிளம்பு" என்று அவர் கார் சாவியை எடுத்தார்.

"நீங்க கிளம்புங்க. எனக்குப் பல்லு வேணும்." அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "ஒட்டுங்க டாக்டர். யார் நெம்பினாலும் வராத மாதிரி ஒட்டுங்க."

மகள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

"நீங்க வெளிய உக்காருங்கப்பா. நான் அம்மா கூட இருக்கேன்."