படத்துக்குக் கீழே ஒரு பெயர்

“எங்கம்மா பேரை அந்தப் படத்துக்குக் கீழ எழுதணும், டாக்டர். அப்புறம்தான் வேலையைப் பத்திப் பேச்சு,” என்றாள் நூஃப், வேலைக்குக் கூப்பிட்டிருந்த இயக்குநரிடம்.

இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று வாசல்வரை சொல்லிக்கொண்டுதான் வந்தார் முத்லக் மாமா. நூஃபின் தாய்மாமன், அருங்காட்சியகத்தின் காவலாளி. வேற்று ஆண்கள் முன்னால் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வது மானக்கேடு. அவள் படம் சுவரில் தொங்குவது மானக்கேடு இல்லை. அது அரசாங்கம் மாட்டியது.

படத்தில் அம்மாவுக்குப் பதினான்கு வயது. மலையில் குடைந்த பழங்காலக் கல்லறைக்குள் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போது அதுதான் அவர்கள் வீடு. பிறகு எல்லோரையும் மேட்டுச் சிமெண்ட் வீடுகளுக்கு ஏற்றிவிட்டு, குகைகளுக்கு டிக்கெட் போட்டார்கள். கீழே பலகையில் படமெடுத்த ஜெர்மன்காரரின் பெயர் இருக்கிறது. கேமராவின் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அங்கே புதைக்கப்பட்டவரின் பெயர்கூட இருக்கிறது. அம்மா ‘ஒரு பெதூயின் பெண்’.

நூஃப் இயக்குநர் கொடுத்த காப்பிக் கோப்பையை வாயில் வைக்காமல் மேசையில் வைத்தாள். பாலைவனத்துப் பெதூயின் ஆட்களிடம் இதற்கு ஒரே அர்த்தம்: கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்பேன். உபசரிப்பவர் ‘குடி’ என்றால் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு கொலைக்குப் பழிவாங்கும் உரிமையைக்கூட விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.



இயக்குநர் இமாத், தலைநகரான அம்மானில் பிறந்து வளர்ந்தவர். பெதூயின்களைப் பற்றித்தான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்.

“ஆறிடப் போகுது. குடிம்மா, குடி.”

மாமாவுக்கு மூச்சு வந்தது. “அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்! குடிடி, இன்னும் என்ன பார்க்கிறே?”

நூஃப் ஒரே மடக்கில் குடித்தாள்.

“எப்ப எழுதுவீங்க?”

“எதை?”

“பேரை.”

“அதெல்லாம் முடியாதும்மா. மேலிடத்து உத்தரவு வேணும். சர்வதேசத் தரம்னு ஒண்ணு இருக்கு.”

“குடின்னு சொன்னீங்களே, டாக்டர்,” என்றார் மாமா.

“காப்பியைத்தான் சொன்னேன், முத்லக்.”

மாமா காலிக் கோப்பையைப் பார்த்தார். குடித்ததை எப்படி வாபஸ் வாங்குவது என்று அவர் கேள்விப்பட்டதில்லை.

“நீ வேலையில சேரு,” என்றார் இயக்குநர், கனிவாகவே. “உங்க ஆளுங்கள்ல பட்டம் வாங்கி இங்க வர்ற முதல் பொண்ணு. வர்றவங்களுக்கு அந்தப் படத்தைப் பத்தி நீயே சொல்லு.”

“இது யாருன்னு கேட்டா?”

“பேர் தெரியலைன்னு சொல்லு. பலகை ஒண்ணு சொல்லி நீ ஒண்ணு சொன்னா நல்லாவா இருக்கும்?”

நூஃப் எழுந்தாள்.

“உக்காருடி! மாசாமாசம் சம்பளம் வர்ற வேலை,” என்று மாமா பல்லைக் கடித்தார்.

“அவ பேரு ஹம்தா, மாமா. உங்க கூடப்பிறந்தவ. தெரியாதுன்னு சொல்றதுக்குச் சம்பளம் வாங்க நீங்க ஒருத்தர் போதும்.”

வேலை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வெளியே போகும் வழியை நினைவுப்பொருள் கடைக்குள் விட்டிருந்தார்கள். களிமண் ஒட்டகங்களை இடிக்காமல் ஒதுங்கி நடந்து, கதவைத் தள்ளி, வெயிலுக்குள் போனாள்.