பூவம்மாளைக் கூட்டிவரும் வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கௌரியம்மாள் வேப்பமரத்தடியில், மடியில் முறத்தோடு புளி ஆய்ந்துகொண்டு இருந்தாள். மூத்த மகள் நிர்மலா வாசற்படியில். இளையவள் அனுசுயா துணி துவைக்கிற கல்லின்மேல். அனுசுயாவின் புருஷன் மணவாளன் உட்காரவில்லை. மாமியார் வீட்டுக் காரின் பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். நிர்மலாவின் புருஷன் அரசு, கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின்மேல். அவன் வந்தால் எடுத்துப்போடுகிற நாற்காலியில் மணவாளனின் ஸ்பேனர் பை உட்கார்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அரசு கவனித்தான்.

அவன் முட்டிமேல் ஒரு பரீட்சை அட்டை, அதன்மேல் வெள்ளைத்தாள். நகரியில் இருக்கும் கௌரியம்மாளின் அக்கா பூவம்மாளுக்குப் போனில் பேசினால் காது கேட்காது. ஆடிக் கிருத்திகைக்கு வரச்சொல்லி வருஷாவருஷம் கடிதம்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அதை எழுதுவதும் அரசுதான்; கார் எடுத்துப்போய் அந்தம்மாளைக் கூட்டிவருவதும் அவன்தான். மூத்த மாப்பிள்ளை என்கிற பேருக்கு அந்த வீட்டில் அவனுக்கு மிச்சம் இருந்த மரியாதை இந்த ரெண்டும்தான்.

போன வருஷம் அதில் மண் விழுந்தது. பூவம்மாளை ஏற்றிக்கொண்டு முருகன் கோயில் மலைமேல் ஏறும்போது, வளைவில் வேகம் குறைத்த இடத்தில் கார் நின்றுவிட்டது. கிளப்பினான், நின்றது, மறுபடி கிளப்பினான், மறுபடி நின்றது. பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். பூவம்மாள் இறங்கி, தேங்காய்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே மேலே போனாள். இனி அரசு ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டேன் என்று சந்நிதியிலேயே சொல்லிவிட்டாள்.

பெட்ரோல் சரியில்லை என்றுதான் அரசு ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அம்மையார்குப்பத்திலிருந்து தறிகளுக்கு நூல் பாவு ஏற்றுகிற பழைய வேன் ஓட்டுபவன். மணவாளனுக்கு மெட்ராஸில் கார் கம்பெனி சர்வீஸில் வேலை. காலை ரயிலில் வந்து இறங்கினான், காபி குடித்தான், பேட்டரி ஒயரைக் கழற்றினான், காற்றுக் குழாயை உருவினான். த்ராட்டில் பாடி என்று ஒரு அலுமினியத் துண்டை வெளியே எடுத்து மாமியார் முன்னால் நீட்டினான். இன்ஜினுக்குக் காற்றை விடுகிற வாய் அது. நடுவில் இருந்த வட்டத் தகட்டைச் சுற்றி அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது.

"மூச்சுக்குழாய் அடைச்சிக்கினு இருக்குது அத்தே. வேற ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு ஒருதபா தொடச்சா போதும்."

வேற ஒண்ணும் இல்ல என்று அவன் சொன்னதுதான் அரசுவுக்குக் குத்தியது. பெரிய கோளாறாகவாவது இருந்திருக்கக்கூடாதா?

மணவாளன் துணியில் கரி எடுக்கிற மருந்து அடித்து, தகட்டைக் குழந்தை காது துடைக்கிற மாதிரி துடைத்தான். அனுசுயா டார்ச் பிடித்தாள். நிர்மலாவும் எழுந்துபோய் எட்டிப்பார்த்தாள். தன் பெண்டாட்டியே போய்ப் பார்ப்பதை அரசு பார்த்தான். அவன் வேனுக்கு அடியில் படுத்திருக்கும்போது அவள் ஒருநாளும் குனிந்ததில்லை.

"மாப்ளே, இந்த வருஷம் சின்னவரு ஓட்டிக்கினு வருவாருன்னு எழுதிடுங்க," என்றாள் கௌரியம்மாள், புளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பதான் எங்கக்கா ஏறும்."

'அனைவரும் நலம்' வரைக்கும் எழுதியிருந்த பேனா அங்கேயே நின்றது.

எல்லாம் பூட்டியாயிற்று. மணவாளன் சாவியைத் திருப்பி, கிளப்பாமல் விட்டுவிட்டுக் கீழே இறங்கினான். கிளப்பினதும் ஏசி போடாமல், ஆக்சிலேட்டரைத் தொடாமல், அது தானாக மூச்சுப் பழகுகிறவரை சும்மா விடவேண்டும் என்று அரசுவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். கௌரியம்மாள் பானெட்டுக்குத் திருநீறு பூசி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ரிப்பேர் முடிந்த வண்டியைப் பழம் நசுக்கி எடுப்பது அந்த வீட்டு வழக்கம். நசுக்குவது மூத்த மாப்பிள்ளை. அது ஒன்றையாவது விடக்கூடாது என்று அரசு ஓடிப்போய் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தான்.

சொன்னது காதில் விழாமல் இல்லை. கிளப்பினான். வேன் பழக்கம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி, ஆக்சிலேட்டரை உறும உறும மிதித்தான். காலை எடுத்த பிறகும் உறுமல் அடங்கவில்லை. அதோடு கியர் போட்டு கிளட்சை விட்டான். கார் எலுமிச்சம்பழத்தைத் தாண்டிக் குதித்து, பக்கெட்டை நசுக்கி நின்றது.

கௌரியம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "இன்னா சின்ன மாப்ளே, ஒழுங்கா இருந்ததையும் கெடுத்துட்டீங்களா? நின்னு போனா நடக்கலாம். இது ஆளையே தூக்கிடும் போலக்குதே." அரசு பக்கம் திரும்பினாள். "நீங்களே பழையபடி போங்க. உங்க பேரையே எழுதுங்க."

அவன் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகக் கிடைத்துவிட்டது. அட்டையை எடுத்து, மரத்தில் சாய்ந்து நின்றபடியே, 'நான் வண்டி எடுத்து வருவேன்' என்று எழுதினான். எழுத்து கோணியது.

மணவாளன் ஈரக்கையோடு வந்து அரசுவை ஒருதரம் பார்த்தான். மிதித்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பானெட்டைத் திறந்து, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, வண்டியில் ஏறிக் கிளப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் வேப்பமரத்துக் காக்காய் கத்துவது கேட்டது. வண்டி ஓடுகிறதா என்று அனுசுயா பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

என்ன ஆயிற்று என்று மாமியார் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல அத்தே. நான்தான் அவசரப்பட்டு விட்டுட்டுப் போயிட்டேன்," என்றான் மணவாளன். "அண்ணனே ஓட்டட்டும். மலை ரோடு அவருக்குத்தான் பழக்கம்."

திட்டியிருந்தால் அரசு பதிலுக்குத் திட்டியிருப்பான். வேலைதான் தெரிந்தவன் என்று நினைத்தால் குணத்திலும் இவன் முந்திக்கொண்டானே என்று நெஞ்சு காந்தியது. அந்த எரிச்சலிலேயே வாய் திறந்தான்.

"அவன் ஒண்ணும் விடல. நான்தான் சொல்லச்சொல்ல மிதிச்சேன்."

நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாள். கௌரியம்மாள் சிந்திய புளியைப் பொறுக்க உட்கார்ந்தாள். மணவாளன் ஸ்பேனர் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அரசு பக்கம் தள்ளினான். அரசு உட்கார்ந்தான். எழுதின வரியை அடித்தான். அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பி அவனுக்குப் பழக்கமில்லை, ஆகவே வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினான். முடித்ததும் மாமியாருக்குப் படித்துக் காட்டினான்.

"வண்டியை மணவாளன் சுத்தம் செய்துவிட்டான். இனி நிற்காது. அவனே ஓட்டி வருவான். முன்சீட்டில் நான் வருவேன், நீங்கள் பின்னால் தாராளமாக உட்காரலாம்."

"முன்சீட்டு எங்கக்காவுக்கு வாணாவா?" என்றாள் கௌரியம்மாள்.

"வாணாம்," என்றான் அரசு.

தாளை மடித்துக் கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்தான். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தானே போட்டுவிடுவதாக மணவாளன் கை நீட்டினான். அரசு கொடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஜார் வரைக்கும் நடந்துபோய், தபால் பெட்டியில் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தான்.