நாற்பத்தொரு உல்லன் சதுரங்கள்

வீட்டில் எல்லோரும் என் கையைப் புகழ ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவன் நான். தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங்கை இந்தக் கை எடுத்து வைத்த காலத்தில் ஒரு ஆள் புகழ்ந்ததில்லை. "ஓடுதா? சரி" என்று மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது அதே கை உல்லன் நூலில் ஒரு சதுரம் பின்னினால் குடும்பமே கைதட்டுகிறது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். விரல் மடங்கவில்லை. லேசான பக்கவாதம் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாய் கோணவில்லை, கால் இழுக்கவில்லை, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. வேறு யாருக்காவது அது லேசாக இருக்கலாம். கடிகாரக்காரனுக்கு அந்த இரண்டு விரல்தான் கடையே.

கடை எனக்கும் தம்பிக்கும் பொது. முன்பக்கம் அவன் மூக்குக்கண்ணாடி விற்கிறான். ஜன்னல் ஓரம் என் மேஜை. ஏழு மாதமாக அது துணி போர்த்திக் கிடக்கிறது. தம்பி தங்கமானவன், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஆனால் கண் பரிசோதிக்கும் மெஷின் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தான். கடையில் அதை வைக்கக்கூடிய ஒரே இடம் என் மேஜை இருக்கும் இடம்தான். "அவசரமில்லண்ணா, மாசக் கடைசிக்குள்ள சொன்னா போதும்" என்றான். அவசரமில்லை என்று சொல்லிவிட்டுத் தேதியும் கொடுப்பவனை என்ன செய்வது?

வாரத்துக்கு ஒருநாள், புதன்கிழமை, பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வருவாள். என் மகளைவிடச் சின்னவள். வாய்க்கு வாய் அங்கிள். "அங்கிள், குரோஷா போடுங்க. விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது" என்று அவள் சொல்லி முடிக்குமுன் என் மனைவி பெட்டியிலிருந்து கொக்கி ஊசியையும் பச்சை நூல்கண்டையும் எடுத்து வந்துவிட்டாள். இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்களோ என்னவோ.

மனைவி தையல்காரி. நாற்பது வருடமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஆல்ட்டரேஷன் வேலை செய்கிறாள். மற்றவர்கள் தைத்துக் கெடுத்ததைப் பிரித்துச் சரிசெய்வதுதான் அவள் பிழைப்பு. இடக்கைக்காரி. அவளுடைய கத்தரிக்கோலை நான் எடுத்தால் துணி மடங்குமே தவிர வெட்டாது. எனக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அவள் இடது, நான் வலது, கண்ணாடியில் பார்த்துச் செய்வதுபோல் வசதியாகவே இருந்தது.

நடுவில் ஒரு சின்ன வளையம். அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் ஐந்து சுற்றில் ஒரு சதுரம். வலக்கைக்காரன் பின்னினால் சுற்று கடிகார முள் ஓடுவதற்கு எதிர்த்திசையில் ஓடும். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க முள்ளைச் சரியான பக்கம் ஓட வைத்தவனை இந்த வயதில் எதிர்ப்பக்கம் ஓடச் சொன்னார்கள்.

முதல் சதுரம் மாடு மென்று துப்பியது மாதிரி இருந்தது. இரண்டாவதற்கு மூன்று மூலைதான். ஆனாலும் ஒவ்வொன்றிலும், பழுதுக்கு வரும் கடிகாரத்தில் கட்டுவதுபோல், நம்பர் எழுதிய சீட்டைக் கட்டி வைத்தேன். பன்னிரண்டு வரை இதே கதி. பதின்மூன்றாவதிலிருந்து திடீரென்று தேறிவிட்டேன். மூலை மூலையாக நின்றது. ஓரம் சுருளவில்லை.

காலையில் பின்னி முடித்துக் கூடையில் போடும்போது கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மாலையில் எடுத்துப் பார்த்தால் நேராக இருக்கும். "ஆறப்போட்டா நூல் தானா படிஞ்சுடும்" என்றாள் மனைவி. நாற்பது வருட அனுபவம் பேசுகிறது என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேறு ஊரில் இருக்கும் மகள் படங்களைக் குடும்பக் குழுவில் போட்டாள். "அப்பா கலக்கிட்டீங்க!" பின்னாலேயே யார் யாரோ கட்டைவிரலை உயர்த்தினார்கள். என் கட்டைவிரல் பாடு எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் கூடையில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று அழகழகாகச் சேரும்போது எவனுக்குத்தான் நம்பிக்கை வராது? போன சனிக்கிழமை தம்பிக்குப் போன் செய்தேன். "நாளன்னிக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கட்கிழமை கடைக்கு வர்றேன். மெஷினுக்கு வேற இடம் பாரு" என்றேன். "சரிண்ணா, சந்தோஷம்" என்றான்.

இந்தப் புதன்கிழமை அந்தப் பெண் வந்தாள். விரலால் அழுத்திப் பிடித்தால் நம்பர் காட்டும் கருவி ஒன்று வைத்திருக்கிறாள். அழுத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

"அங்கிள், ரெண்டு மாசமா அதே நம்பர்தான் காட்டுது."

"நல்லா பாரும்மா."

"பார்த்துட்டேன் அங்கிள்." கூடையிலிருந்து நாற்பத்தொன்றாவது சதுரத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். "இது இவ்வளவு நல்லா வருது, பிடி மட்டும் ஏறவே இல்லை. எனக்கே புரியல."

"புரிய என்ன இருக்கு? உன் கருவி கெட்டுப்போச்சு. கொடு, பிரிச்சுப் பார்க்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் மனைவி சிரிக்கவில்லை. தைத்த பேண்ட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை நன்றாகத்தான் இருக்கிறது, கருவிதான் பொய் சொல்கிறது என்று அடுத்த புதனுக்குள் காட்டிவிட வேண்டும். அன்று மதியம் சாப்பிட்டபின் நான் தூங்கவில்லை. அலமாரியில் இருந்த பழைய லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அதை மாட்டுகிறேன். அது கண்ணில் உட்கார்ந்த சுகத்தை என்னவென்று சொல்வேன்! என்னுடைய கண்ணிகள் ஒவ்வொன்றும் எப்படி வளர்ந்து வந்திருக்கின்றன என்று ரசித்துப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக.

நாற்பத்தொன்றை எடுத்தேன். நடுவளையமும் முதல் இரண்டு சுற்றும் கொழகொழவென்று, ஒரு கண்ணி பெரிசு ஒரு கண்ணி சிறிசாக, எதிர்த்திசையில் ஓடின. மூன்றாவது சுற்றிலிருந்து எல்லாக் கண்ணியும் ஒரே அளவு. அவை சாய்ந்திருந்த பக்கம் வேறு. கடிகார முள் ஓடும் பக்கம்.

லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. உள்ளே என் சுற்று எதிர்ப்பக்கம், வெளியே அழகான சுற்று நேர்ப்பக்கம். இந்த வீட்டில் அந்தப் பக்கமாகப் பின்னக்கூடிய கை ஒன்றுதான். தரையில் எல்லாவற்றையும் பரப்பி இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் இருபத்தொன்பது. என்னுடைய பக்கம், ஆரம்பத்தில் மென்று துப்பிய அந்தப் பன்னிரண்டு.

அவள் கதவைத் திறந்து வந்தபோது லென்ஸ் என் கண்ணிலேயே இருந்தது. தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"என்னங்க..."

"நூல் தானா படிஞ்சுடுமா? ஆறப்போட்டா? என்னை என்ன கேணயன்னு நினைச்சியா?"

"ஏமாத்தணும்னு செய்யலைங்க. முதல்ல ஒரே ஒரு மூலைதான். கூடையைத் தாண்டிப் போறப்பல்லாம் அந்த மூலை என் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பிரிச்சுப் போட்டேன். அப்புறம் அடுத்ததுல கை தானா போயிடுச்சு. தப்பா தைச்சதைப் பார்த்தா என்னால சும்மா இருக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அது எவனோ கொண்டுவந்த சட்டை இல்லடி. என் கை!" கத்திவிட்டேன். அடுத்த வீட்டில் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது. கேட்கட்டும் என்று இன்னும் கத்தினேன். "எனக்கு என்ன, இதையெல்லாம் சேர்த்துத் தைச்ச போர்வையா வேணும்? இந்த விரல் தேறுதா இல்லையான்னு தெரியணும். அதைத் தெரிஞ்சுக்க எனக்கு இருந்தது இது ஒண்ணுதான். அதையும் சரிபண்ணி வெச்சுட்டே. நான் தம்பிகிட்ட திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேனே, அப்பவாவது வாயைத் திறந்தியா?"

"நீங்க அன்னிக்குத்தாங்க சிரிச்சீங்க. ஏழு மாசத்துல அன்னிக்குத்தான். எப்படிச் சொல்லுவேன்?"

கோபம் இன்னும் அதிகமானதுதான் மிச்சம். அன்பு என்று சொல்லிவிட்டால் எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"உட்காரு" என்றேன். "இப்ப ஒண்ணு போடறேன். பார்த்துக்கிட்டே இரு. தொடக் கூடாது. சொல்லியும் கொடுக்கக் கூடாது."

பச்சை நூலை எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவளையத்துக்கே நான்கு தடவை பிரித்தேன். மூன்றாவது சுற்றில் ஊசி இரண்டு முறை கைதவறி விழுந்தது. அவள் குனியப் போனாள், நான் பார்த்த பார்வையில் நிமிர்ந்துகொண்டாள். கட்டைவிரல் நடுங்கியது, நூல் வியர்வையில் ஊறியது, கழுத்து வலித்தது. ஐந்தாவது சுற்றில் எண்ணிக்கை தப்பி ஒரு மூலையை மறந்து, மறுபடி பிரித்துப் போட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு ஒருவர் தப்பாகச் செய்வதை இரண்டு மணி நேரம் சும்மா பார்த்திருப்பது அவளுக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார வைத்தேன்.

முடித்து அவள் மடியில் போட்டேன். நான்கு மூலை இருந்தது, அதுவரை சரி. முதல் சதுரத்துக்கு எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் ஓரம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, நடுவில் புடைத்துக்கொண்டு, மேஜையில் வைத்தால் ஆடும்போல் இருந்தது.

"பொண்டாட்டியா பதில் சொல்லாதே. தையல்காரியா சொல்லு. ஒருத்தன் இந்தக் கையோட உன்கிட்ட வேலை கேட்டு வர்றான். எடுப்பியா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சதுரத்தைப் பின்பக்கம் திருப்பினாள். எந்தத் துணி வந்தாலும் அவள் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். விரலால் ஓரத்தை நீவினாள், முடிச்சை இழுத்துப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

அவள் சமாளிப்பாள், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன்போல, ஏமாந்துபோனேன். அதே சமயம், ஏழு மாதத்தில் முதல்முறையாக என் கையைப் பற்றி ஒரு ஆள் என்னிடம் மரியாதையாகப் பேசியதாகவும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து எரிச்சலாக இருந்தது. எழுந்துபோய்ப் போனை எடுத்தேன். வலது விரலால் தம்பியின் பெயரை அமுக்க மூன்று தடவை ஆனது.

"சொல்லுண்ணா" என்றான்.

"திங்கட்கிழமை நான் வரலப்பா. மெஷினை ஜன்னல் ஓரமாவே போட்டுக்கோ. மேஜையை என்ன பண்றதுன்னு அப்புறம் பார்க்கலாம்."

"ஐயையோ, ஏண்ணா? கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரெண்டு மாசமா ஒண்ணுமே ஆகல. அதனாலதான் வரல."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பின்னால் என் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அன்று ஒருநாளாவது அது என் வேலை இல்லை.